மாடிக்கு வந்த வள்ளை

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் பரணைக் காலி செய்து தரச் சொன்னார்கள். ஓட்டை அண்டா, மகன் படித்த காலத்து ஜியாமெட்ரி பாக்ஸ், கால் உடைந்த ஸ்டூல் என்று ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கடைசியில் ஒரு முழ நீளத்துக்கு நாலு இன்ச் பி.வி.சி. குழாய் ஒன்று வந்தது. உடம்பெல்லாம் ரம்பத்தால் கீறிய கோடுகள். ஒரு பக்கம் ஏதோ பச்சை காய்ந்து கருப்பாக ஒட்டியிருந்தது. “உடைசல்தானேம்மா, போட்டுடவா?” என்றான் பெயின்டர் பையன். வாங்கி முகர்ந்து பார்த்தேன். காய்ந்த பாசி. சித்திரையில் எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் இறங்கினால் வருமே, அதே வாசம்.

எங்கள் ஊர் காளையார்கோவிலுக்குக் கிழக்கே. வானம் பார்த்த பூமி. ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற மழைதான் கண்மாய்க்கு, கண்மாய்தான் வயலுக்கு. தை அறுப்பு முடிந்து, மாடு கன்றுகள் குடித்தது போக, பங்குனி கடைசியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அப்போது ஊர்கூடி மீன்பிடிக்கு நாள் குறிப்பார்கள். விடியற்காலையில் கரை முழுக்க ஜனம். பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, பரி, வலை என்று கைக்குக் கிடைத்ததோடு எல்லோரும் இறங்குவார்கள். விராலைப் பிடிக்கிறவர்களுக்குத் தனி மரியாதை. சின்னப் பெண்களான எங்களுக்குச் சேலைத் துணியில் சிக்கும் அயிரையும் கெளுத்தியும்தான். கெளுத்தி முள் குத்தினால் சாயங்காலம் வரை கடுக்கும். அன்றைக்குப் பிடித்த மீனை யாரும் விற்கக் கூடாது. வெளியூர்க்காரர் வந்தாலும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். ராத்திரி எந்தத் தெருவில் போனாலும் ஒரே குழம்பு வாசம்.

மீன்பிடி முடிந்து தரை காய்ந்ததும் வண்டல் எடுப்பு. மாட்டுவண்டியில் அள்ளிக்கொண்டு போய் வயலில் கொட்டுவார்கள். அய்யா அந்த மண்ணைக் கையில் எடுத்து உதிர்த்துப் பார்ப்பார். “மீனு பேண்ட மண்ணு, ஆத்தா. இதுக்கு மேல யூரியா எதுக்கு?” என்பார். ஆனாலும் அடுத்த மாதம் சொசைட்டியில் யூரியா மூட்டைக்கும் வரிசையில் நிற்பார். அய்யா சொன்னதும் செய்ததும் எல்லா நேரமும் ஒன்றாக இருந்ததில்லை.

எங்களுக்கு ஒரு கிணறும் இருந்தது. அதில் நாலைந்து கெண்டைகள் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். கிணற்று மீனை யாரும் பிடிக்க மாட்டார்கள். புழு பூச்சியைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்பது வீட்டு நம்பிக்கை. பம்புசெட் தொட்டியில் விழுந்து வழிகிற அந்தத் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக் கத்தரிக்குப் பாயும். தொட்டியின் மூலையில் ஒரு கசிவு. அய்யா அதை அடைக்கவேயில்லை. அந்தச் சேற்றில் வள்ளையும் பொன்னாங்கண்ணியும் மண்டிக் கிடக்கும்; கொஞ்சம் தள்ளி வல்லாரை. நெல்லு வயலில் ஆரைக்கீரை. அப்பத்தா மடியைக் கட்டிக்கொண்டு போனால் அரைமணியில் குழம்புக்கு ஆகிவிடும். இதையெல்லாம் பயிர் என்று யாரும் சொன்னதில்லை. விதைத்ததும் இல்லை, விற்றதும் இல்லை.

கல்யாணமாகி வில்லிவாக்கத்துக்கு வந்த பிறகு இதெல்லாம் எனக்கு மறந்தே போனது. மறுபடியும் ஞாபகம் வந்தது 2019 கோடையில். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு கிடந்தன. மாடியில் வைத்திருந்த தொட்டிச் செடிகள் ஒவ்வொன்றாகக் கருகின. குடிக்கவே லாரிக்காரனைக் கெஞ்சும்போது செடிக்கு எங்கே போவது? ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ரயில் ஒன்று எங்கள் வில்லிவாக்கத்துக்கே வந்தது. அதைப் பார்க்கக் கூட்டம். தண்ணீர் ரயிலில் வருவதைப் பார்க்க அய்யா இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கீழ்வீட்டுக் கல்லூரிப் பையன் கைபேசியில் ஒரு வீடியோ காட்டினான். ஒரு தொட்டியில் மீன். அதற்கு மேல் ஜல்லி நிரப்பிய படுகை, அதில் செடி. சின்ன மோட்டார் மீன் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. அது ஜல்லியில் வடிந்து மறுபடி மீனிடமே வருகிறது. மண் கிடையாது, உரம் கிடையாது. “அக்வாபோனிக்ஸ், ஆன்ட்டி. தோட்டத்துக்கு ஊத்துற தண்ணில பத்துல ஒரு பங்கு போதும்” என்றான். எனக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. இது எங்கள் பம்புசெட் தொட்டி. கசிவை மட்டும் திருப்பிக் கிணற்றுக்கே விட்டிருக்கிறார்கள்.

மகன் புத்தகம் தேடி அனுப்பினான். உலக உணவு வேளாண் அமைப்பு 2014ல் சின்ன அளவில் இதைச் செய்கிறவர்களுக்காகவே தடிமனான ஒரு கையேடு போட்டிருக்கிறது. இணையத்தில் இலவசம். கரீபியன் கடலில் இருக்கும் வர்ஜின் தீவுகளின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராக்கோசி என்பவர் பல வருஷம் திலாப்பியா மீனையும் கீரை வகைகளையும் சேர்த்து வளர்த்துக் கணக்கெல்லாம் போட்டு வைத்திருக்கிறார். அங்கேயும் நல்ல தண்ணீருக்குப் பஞ்சம். அது தெரிந்ததும் அந்தத் தீவின் மேல் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது.

முதல் தடை வீட்டுக்காரரிடமிருந்து வரவில்லை, மேஸ்திரியிடமிருந்து வந்தது. “தண்ணி ஒரு லிட்டர் ஒரு கிலோம்மா. ஜல்லி அதைவிடக் கனம். நட்ட நடு மாடியில வச்சீங்கன்னா ஒரு நாள் ஹாலுக்கே வந்துடும்” என்றார். எங்கள் கணக்குப்படி 300 லிட்டர் மீன் தொட்டி ஒன்று, 200 லிட்டர் டிரம்மை நெடுக்குவாட்டில் பிளந்து செய்த இரண்டு படுகை. ஜல்லியே 300 கிலோ வந்துவிடும். கீழே உத்தரம் எங்கே போகிறது, தூண் எங்கே நிற்கிறது என்று மேஸ்திரி சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். தொட்டியும் படுகையும் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்தன. களிமண்ணைச் சுட்டுச் செய்த லேசான உருண்டைகள் நர்சரிகளில் கிடைக்கின்றன. கனம் குறைவு, விலை அதிகம். நாங்கள் கருங்கல் ஜல்லிக்கே போனோம்.

பழைய டிரம் வாங்கும்போது அதற்குள் முன்னால் என்ன இருந்தது என்று கேட்டே வாங்க வேண்டும். கெமிக்கல் வந்த டிரம்மை எத்தனை தடவை கழுவினாலும் எனக்கு நம்பிக்கை வராது. ஊறுகாயோ எண்ணெயோ வந்ததாக இருந்தால் வாசனையே காட்டிக் கொடுத்துவிடும். ஜல்லிக்கு வேறொரு பரீட்சை. நாலு கல்லை வினிகரில் போட்டுப் பார்க்க வேண்டும். நுரைத்துக்கொண்டு வந்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகும். எங்கள் ஜல்லி சும்மா கிடந்தது. ஆனால் அதைக் கழுவியதை நினைத்தால் இப்போதும் இடுப்பு வலிக்கிறது. கழுவக் கழுவச் சாம்பல் தண்ணீர். வீட்டுக்காரர், “ஊரே குடிக்கத் தண்ணி இல்லாம இருந்துச்சு, நீ கல்லுக்குக் குளிப்பாட்டுறே” என்றார். நல்லவேளையாக அதற்குள் ஐப்பசி மழை பிடித்துவிட்டிருந்தது. மாடியில் விழுந்த மழைத் தண்ணீரில்தான் பாதி ஜல்லியைக் கழுவினோம்.

அடுத்தது அந்தக் குழாய். படுகையில் தண்ணீர் மெதுவாக ஏற வேண்டும். வேர் எல்லாம் நனைந்ததும் மடமடவென்று வடிய வேண்டும். வடிந்தபின் வேருக்குக் காற்று கிடைக்கும். மோட்டாரை நிறுத்தாமலே இதைச் செய்ய ஒரு உபாயம் இருக்கிறது. நடுவில் ஒரு இன்ச் குழாயை நிறுத்தி, அதன்மேல் தலை மூடிய பெரிய குழாயைக் கவிழ்த்து, ஜல்லி உள்ளே போகாமல் இருக்கச் சுற்றிலும் கீறல் போட்ட நாலு இன்ச் குழாயை வைப்பது. பரணிலிருந்து வந்தது இந்த வெளிக்குழாய்தான். படத்தைக் காட்டியதும் பிளம்பர் தலையைச் சொறிந்தார். “தானா ஏறும், தானா இறங்கும்னு சொல்றீங்க. எதுக்கு மேடம் ரிஸ்க்? ஒரு டைமர் போட்டுடலாமே?”

அவருக்கு வசுதேவர் கிண்ணத்தைச் சொன்னேன். நான் ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது அறிவியல் கண்காட்சிக்கு சார் ஒரு பித்தளைக் கிண்ணம் கொண்டுவந்தார். நடுவில் வசுதேவர் நிற்பார், தலைக்கு மேலே கூடையில் குழந்தைக் கிருஷ்ணன். தண்ணீர் ஊற்ற ஊற்ற யமுனை ஏறும். கிருஷ்ணனின் பாதத்தைத் தொட்டதும் மொத்தத் தண்ணீரும் அடிவழியாக வடிந்துவிடும். நாங்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். சார் பொம்மைக்குள்ளே வளைந்து போகிற குழாயைக் காட்டினார். அப்புறமும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பிளம்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “எங்க தாத்தா வீட்ல இருந்துச்சு மேடம் அது” என்றார். அதற்குப் பிறகு அவர் கூலிக்கு வேலை செய்த மாதிரி தெரியவில்லை. தண்ணீர் வரத்து குறைந்தால் வடியாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், கூடினால் வடிவது நிற்காது. வால்வைத் திருகித் திருகி ஒரு முழு மத்தியானத்தை அதிலேயே கழித்தார். முதல் தடவை குபுகுபுவென்று இழுத்துக்கொண்டு வடிந்தபோது, சின்டெக்ஸ் உடைந்துவிட்டது என்று கீழ்வீட்டு அம்மா மாடிக்கே ஓடிவந்துவிட்டார்.

எல்லாம் தயார், மீன் வாங்க வேண்டியதுதானே என்றால் அங்கேதான் இருக்கிறது விஷயம். கொளத்தூர் எங்களுக்குப் பக்கம். தெருத் தெருவாக வண்ண மீன் கடைகள், ஞாயிற்றுக்கிழமை நிற்க இடமிருக்காது. அங்கே ஒரு பெரியவர் கடையில் விஷயத்தைச் சொல்லிக் குஞ்சு கேட்டேன். “தண்ணி வச்சு எத்தனை நாளாச்சு?” என்றார். சொன்னேன். “அப்ப மீன் தர மாட்டேன். போயிட்டு அடுத்த மாசம் வாங்க.” வியாபாரத்தை வேண்டாம் என்று சொன்ன கடைக்காரரை நான் சென்னையில் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு உள்ளே போய்த் தன் தொட்டியின் ஃபில்டரிலிருந்து கருப்பாக அழுக்குப் பிடித்த ஸ்பாஞ்ச் ஒன்றைப் பிழிந்து, அந்தக் கலங்கல் தண்ணீரைக் கவரில் கட்டிக் கொடுத்தார். “தயிருக்கு உறை ஊத்துவீங்கல்ல, அதுமாதிரிம்மா. ஜல்லியில ஊத்துங்க.” காசு வாங்கவில்லை.

அந்த அழுக்கில் இருந்தவைதான் உண்மையில் இந்த ஏற்பாட்டின் வேலைக்காரர்கள். மீன் மூச்சுவிடும்போதே செவுள் வழியாக அம்மோனியாவைத் தண்ணீரில் விடுகிறது. அது மீனுக்கே விஷம். நைட்ரோசோமோனாஸ் முதலான பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் விஷம்தான்; மீனின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய்விடும். நைட்ரோஸ்பைரா போன்ற இன்னொரு கூட்டம் வந்து அதை நைட்ரேட் ஆக்கினால்தான் செடிக்கு உணவு, மீனுக்கு நிம்மதி. இந்த இரண்டு கூட்டமும் ஜல்லியின் மேல் ஒட்டி ஊரைப் பெருக்க நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை அவற்றுக்குத் தின்ன அம்மோனியா வேண்டும். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைத் தண்ணீரில் போட்டு அழுக விடுவதே எளிய வழி. “மீனே இல்லாத தண்ணிக்குத் தினம் சோறு போடுறியே, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?” என்று வீட்டுக்காரர் கவலைப்பட்டார். நாற்றம் வேறு.

சோதனைக் குப்பிகளில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பது பேத்தியின் வேலை. அம்மோனியா குப்பி முதலில் கரும்பச்சைக்குப் போனது. பிறகு அது மஞ்சளுக்கு இறங்க, நைட்ரைட் குப்பி ஊதாவானது. நாங்கள் ஊதாவையே பார்த்துச் சலித்துப்போன ஒரு நாளில் அது வெளிர்நீலத்துக்கு வந்து, நைட்ரேட் குப்பி சிவந்தது. “பாட்டி, ரோஸ் மில்க்!” என்று கத்தினாள். அந்த வாரமே கொளத்தூர் போனோம்.

கோயம்புத்தூரில் என் அண்ணன் மகன் இதே காலத்தில் ஒரு செட் வாங்கியிருந்தான். விற்ற கம்பெனிக்காரர்கள் தொட்டியைப் பொருத்திய அன்றைக்கே மீனையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மறு வாரம் தொட்டி காலி. மீன் சரியில்லை என்று வேறு மீன் கொடுத்தார்கள். அதுவும் போயிற்று. இப்போது அதில் துளசி வைத்திருக்கிறான்.

நாங்கள் திலாப்பியா வாங்கவில்லை. எங்கள் கண்மாயில் ஜிலேபி என்று பிடித்தோமே, அதுதான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது என்பதெல்லாம் இந்தப் புத்தகங்களைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். அதை வளர்க்க அரசின் அனுமதி, நிபந்தனை எல்லாம் உண்டு. மாடியில் மீன் வளர்க்கிறவளுக்கு அது எதற்கு என்று கோய் குஞ்சுகளை வாங்கினோம். அதுவும் கெண்டை ஜாதிதான், கொஞ்சம் அலங்காரம் செய்துகொண்ட கெண்டை. ஆயிரம் லிட்டருக்கு அதிகபட்சம் 20 கிலோ மீன் என்று கையேடு சொல்கிறது. நாங்கள் அதில் பாதிக்கும் கீழேயே நின்றோம். எங்கள் கிணறு அவ்வளவு பெரியது, அதில் இருந்தது நாலைந்து கெண்டைதானே?

செடி விஷயத்தில்தான் கையேட்டுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. லெட்யூஸ் போடு, பேசில் போடு என்கிறது. மகன் விதையும் அனுப்பியிருந்தான். லெட்யூஸ் மார்கழியில் அழகாகத்தான் வந்தது. மாசி வெயில் பட்டதும் நெடுநெடுவென்று தண்டு விட்டுப் பூக்கப் போய்விட்டது, இலை கசப்பு. தக்காளி காய்த்தது, ஆனால் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்றதெல்லாம் மஞ்சளாகவும் நின்றன. இரும்புச்சத்துக் குறைவு. மீன் தீவனத்தில் இரும்பு போதாது. எங்கள் போர் தண்ணீரின் காரத்தில் இருப்பதும் செடிக்கு எட்டாது. பி.எச். 7க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், எங்களுடையது 8. இன்னொரு வம்பும் உண்டு. பி.எச். 7ல் இருக்கும்போது அம்மோனியாவுக்கு இருக்கும் விஷம் 8ல் ஏறக்குறைய பத்து மடங்காகிவிடுகிறது. மழைத் தண்ணீரைச் சேமித்துப் போர் தண்ணீரோடு கலந்து ஊற்றப் பழகினேன். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்ற வேண்டும்.

பொங்கல் முடிந்து ஒரு கருமாதிக்கு ஊருக்குப் போயிருந்தேன். கிணறு தூர்ந்துவிட்டது, தொட்டி இடிந்து கிடக்கிறது. சித்தப்பா வீட்டு வாய்க்காலில் மட்டும் வள்ளைக்கொடி ஓடிக்கொண்டிருந்தது. நாலு தண்டை ஒடித்து ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்து ஜல்லியில் சொருகினேன். அவ்வளவுதான் செய்தேன். மறு வாரமே கணுவுக்குக் கணு வேர். அறுக்க அறுக்க வந்துகொண்டே இருந்தது. கடையில் வாங்கிய பொன்னாங்கண்ணிக் கட்டில் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டைச் சொருகினேன், அதுவும் பிடித்துக்கொண்டது. பிறகு வல்லாரை. கண்மாய்க் கரையில் யாரும் விதைக்காமல் எது வந்ததோ, அது மாடியிலும் யாரும் கெஞ்சாமல் வந்தது. இலை மஞ்சளாவது, தண்டு விடுவது என்று ஒரு புகாரும் கிடையாது. கையேடு எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை. அவரவர் ஊரில் எது விளையுமோ அதைத்தானே எழுத முடியும்?

சரியாக அந்த நேரத்தில் ஊரடங்கு வந்தது. 2020 மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தையையே மூடித் திருமழிசைக்கு மாற்றினார்கள். தள்ளுவண்டிக்காரர் வந்தாலும் வாங்கப் பயம். அந்த இரண்டு மாதம் எங்கள் வீட்டிலும் கீழ்வீட்டிலும் வாரத்தில் பாதி நாள் வள்ளைக்கீரைப் பொரியல்தான். “இன்னைக்குமா?” என்று பேத்தி கேட்பாள். எங்களுக்குக் கீரை கிடைத்தது, மீனுக்குத் தீவனம் கிடைக்கவில்லை. கொளத்தூர்க் கடைகளும் அடைப்பு. சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். “தவிடும் கடலைப் புண்ணாக்கும் சமமா பிசைஞ்சு உருட்டிப் போடு. குளத்துக் கெண்டைக்கு அதான் போடுறாக” என்றார். போட்டேன். மீன் தின்றது. தண்ணீர்தான் கலங்கியது. அதனால் அளவைக் குறைத்து, பக்கெட்டில் வளர்த்த அசோலாவை அதோடு சேர்த்துச் சமாளித்தோம்.

வெண்டைக்கு அசுவினி வந்த கதையையும் சொல்ல வேண்டும். மருந்து அடிக்க முடியாது. வேப்பெண்ணெய்க் கரைசலில் சேர்க்கிற சோப்புகூட மீனின் செவுளுக்கு ஆகாது. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுவதும், முற்றிப்போனால் செடியையே பிடுங்குவதும்தான் வழி. பிடுங்கும்போது ஊரில் முதன்முதலாக எண்டிரின் அடித்த வருஷம் நினைவுக்கு வந்தது. புது நெல் ரகத்தோடு அந்த மருந்தும் வந்திருந்தது. அடித்த மறுநாள் வயல் வரப்போரம் அயிரையும் குறவையும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கொக்குகூட இறங்கவில்லை. அப்பத்தா அந்த வருஷம் ஆரைக்கீரை பறிக்கப் போகவில்லை. பிறகும் அதிகம் போகவில்லை. எண்டிரினை அரசு தடை செய்துவிட்டது. வயலுக்கு மீன் திரும்பி வர அது மட்டும் போதவில்லை.

மின்சாரம்தான் இதன் உயிர்நாடி, இதன் பலவீனமும் அதுவே. எங்கள் மோட்டார் 18 வாட். ராப்பகலாக ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 26 யூனிட்டுக்குள்தான். ஆனால் நிற்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கரண்ட் போனது போனதுதான். தெருவில் இடுப்பளவு தண்ணீர், மாடியில் மோட்டார் ஓடாத தண்ணீர். இது என்ன வேலை என்று ஆரம்பத்தில் கேட்ட வீட்டுக்காரர், ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு, ஜக்கால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தார். காற்று கலக்க அது ஒன்றே வழி. தீவனத்தை நிறுத்திவிட்டோம். மீன் கொஞ்சமாக இருந்ததால் பிழைத்தது. நிறைய விட்டிருந்தால் ஜக்கு காணாது. அதற்குப் பிறகு பேட்டரியில் ஓடும் ஏரேட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். கோடையில் வேறு பாடு. மே மாதத்தில் தண்ணீர் சூடேறினால் பிராணவாயு குறைந்துவிடும். தொட்டிக்கு மேலே பச்சை வலை, அதற்கு மேலே கீற்று, பக்கவாட்டில் நனைத்த கோணிச்சாக்கு.

வசுதேவர் வித்தை காட்டிய குழாயைச் சில வருஷத்துக்கு முன் கழற்றிப் பரணில் போட்டோம். மோட்டாரில் அழுக்கு சேர்ந்து வரத்து குறையும்போதெல்லாம் அது சண்டித்தனம் செய்தது. இப்போது படுகையில் தண்ணீர் எப்போதும் ஒரே மட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. வள்ளைக்கு அது போதும். சேற்றிலேயே நின்று வளர்ந்த ஜாதி அது. பிளம்பருக்கு மட்டும் வருத்தம். இந்தப் பக்கம் வந்தால் மாடியேறிப் பார்த்துவிட்டு, “திரும்ப மாட்டிடலாம் மேடம்” என்பார்.

இதில் லாபம் உண்டா என்று கேட்கிறார்கள். மாடியில் மீன்பண்ணை, மாதம் இத்தனை ஆயிரம் என்று விளம்பரங்கள் வருகின்றன. நம்பாதீர்கள். தீவனம், மின்சாரம், தேய்ந்துபோகிற மோட்டார் எல்லாம் கணக்கில் சேர்த்தால் எங்கள் கீரை கடைக் கீரையைவிட விலை அதிகம். மருந்து படாத கீரை, ஆவியாகிப் போவதை ஈடுகட்டும் அளவுக்கு மட்டும் தண்ணீர், பேத்திக்கு ஒரு படிப்பு: இவ்வளவுதான் வரவு. எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.

தொடங்க நினைக்கிறவர்கள் கோடையில் தொடங்க வேண்டாம். மழை ஓய்ந்து தை பிறந்ததும் தண்ணீரை நிரப்புங்கள். நைட்ரைட் இறங்கும்வரை எவ்வளவு ஆசையாக இருந்தாலும் மீன் கடைப் பக்கம் போகாதீர்கள். லெட்யூஸ் விதைக்குச் செலவழிக்காமல், ஊர்ப்பக்கம் போகிறவர்களிடம் சொல்லி நாலு வள்ளைத் தண்டு வாங்கி வரச் சொல்லுங்கள். வில்லிவாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தச் சிரமமும் வேண்டாம், எங்கள் மாடியில் நிறைய இருக்கிறது.